இளவரசர் அகமது: மீட்டெடுத்த பதிப்பைப் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில், ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் உருவாக்கி 1926இல் திரைக்கு வந்த ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’ என்னும், கரிய அட்டை உருவங்களை அசைத்து எடுத்த நிழலுருவ மௌனப் படத்தைப் பற்றியும், அதன் மீட்டெடுத்த பதிப்பு டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் கிடைப்பதைப் பற்றியும் எழுதியிருந்தோம். ஆயிரத்தோரு இரவுகளின் கதைகளிலிருந்து இழை இழையாக எடுத்துக் கோத்த படம் அது. ஆப்பிரிக்க மந்திரவாதி ஒருவன் செய்த பறக்கும் குதிரையில் ஏறி வானத்தில் தொலைந்துபோகும் இளவரசர் அகமது, வாக்-வாக் நாட்டின் அரசி பெரி பானுவைக் கண்டு காதல் கொள்கிறார். அதன்பின் பூதங்கள், சீனப் பேரரசர், தீமலைச் சூனியக்காரி, அலாவுதீனும் அவனுடைய விளக்கும் எனக் கதை ஐந்து பாகங்களாக விரிகிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கதையை விட்டுவிட்டுப் பதிப்பைப் பற்றியே கேட்டிருந்தன. பழைய படம் ஒன்றை வாங்கும்போது அது எந்தப் பிரதியிலிருந்து, யாரால், எந்தச் சான்றுகளைக் கொண்டு மீட்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே வளரவேண்டும் என்று விரும்புகிறவன் என்பதால், சில கேள்விகளுக்குச் சற்று நீளமாகவே விடையளித்திருக்கிறேன்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் இப்படத்தின் டிவிடியை வாங்கினேன். முழுவதும் கறுப்பு-வெள்ளை; ஜெர்மன் எழுத்து ஒன்றுகூட இல்லை; ஆங்கிலத்தில் ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே போகிறது; இசை வெறும் பியானோ. நீங்கள் எழுதியது இந்தப் பதிப்பைத்தானா?
– கோவை வாசகர்

இல்லை. உங்களிடம் இருப்பது பழைய பிரதி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கவேண்டும். இந்தப் படம் பல பத்தாண்டுகள் உலகெங்கும் கறுப்பு-வெள்ளையாகவே சுற்றிவந்தது. அந்தப் பிரதிகளின் பிரதிகள் இன்றும் புதிய உறைக்குள் விற்கப்படுகின்றன. மீட்டெடுத்த பதிப்பை அடையாளம் காண்பது கடினமன்று. படம் தொடங்கும்போதே ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஜெர்மன் திரைப்பட அருங்காட்சியகம் இதை மீட்டெடுத்தது என்ற அறிவிப்பு வரும். காட்சிகளின் பின்னணி நீலம், மஞ்சள், சிவப்பு என மாறிக்கொண்டே இருக்கும். காட்சிகளுக்கு இடையே கதையையும் பேச்சையும் சொல்லும் எழுத்து அட்டைகள் ஜெர்மனில் இருக்கும். ஆங்கில வசனவரி அடியில் ஓடும். இசை, இப்படத்துக்கென்றே வுல்ஃப்காங் ட்செல்லர் அமைத்து முழு இசைக்குழு வாசித்த இசையாக இருக்கும். ஆங்கில விவரணைக் குரல் சில நல்ல வெளியீடுகளிலும் உண்டு. ஆனால் அங்கே அது நாம் விரும்பினால் மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தனி ஒலித்தடம்.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், அமெரிக்காவின் மைல்ஸ்டோன், ஜெர்மனியின் அப்சலூட் மீடியன் ஆகியோரின் வெளியீடுகளில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். இருப்பதைத் தூக்கி எறியவேண்டாம். மீட்டெடுத்ததைப் பார்த்தபின் பழைய டிஸ்கில் ஐந்து நிமிடம் ஓடவிட்டீர்களானால், அந்தப் பிரதிகளில் படம் எவ்வளவு இழந்திருந்தது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

மௌனப் படங்கள் கறுப்பு-வெள்ளையில் எடுக்கப்பட்டவை. அப்படியிருக்க இந்தப் பதிப்பில் மட்டும் வண்ணம் எப்படி வந்தது? நம் பழைய படங்களுக்குக் கணினியில் வண்ணம் பூசி வெளியிடுவதைப் போன்றதா இதுவும்? அப்படியானால் அதை மீட்டெடுப்பு என்று அழைப்பது முறையா?
– மதுரை வாசகி

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் இங்கே நடந்தது அதற்கு நேர் எதிரானது. இந்த வண்ணம் பின்னாளில் சேர்த்தது அல்ல. 1926ஆம் ஆண்டுப் பிரதிகளிலேயே இருந்து, இடையில் தொலைந்து, திரும்பக் கிடைத்தது.

மௌனப் படக் காலத்தில் வெளியான படங்களில் மிகப் பல, ஏதாவது ஒரு முறையில் வண்ணமேற்றப்பட்டே திரையிடப்பட்டன. அவை கறுப்பு-வெள்ளை என்று நாம் நம்பக் காரணம், பிற்காலத்தில் அவற்றைப் பாதுகாக்கப் படியெடுத்தவர்கள் செலவையும் வசதியையும் கருதிக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமிலேயே படியெடுத்ததுதான். அன்றைய வழக்கப்படி, அச்சிட்ட பிரதியைக் காட்சிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய சாயக் கரைசலில் தோய்த்து, உலர்த்தி, வரிசைப்படி ஒட்டிச் சேர்ப்பார்கள். சாயம் ஃபிலிமின் வெளிச்சப் பகுதியில் தெரியும். வெள்ளி அடர்ந்து படிந்த கரும்பகுதி கறுப்பாகவே நிற்கும். வெள்ளியையே வேறொரு நிறப் பொருளாக மாற்றுகிற இன்னொரு முறையும் உண்டு. அதில் கரும்பகுதி நிறம் பெற, வெளிச்சம் வெண்மையாக இருக்கும். ரைனிகரின் படத்தில் மனிதர், குதிரை, மரம், மாடம் எல்லாமே கரிய உருவங்கள், பின்னணி முழுவதும் ஒளி. ஆகவே சாயத்தில் தோய்க்கும் முறை இந்தப் படத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இரவுக் காட்சிகளில் வானமே நீலமாகிறது; தீமலைக் காட்சிகளில் ஒளியே தணலாகிறது; உருவங்களின் கருமையோ சற்றும் கலங்குவதில்லை. சாதாரணக் கதைப்படத்தில் முகத்திலும் உடையிலும் ஒரே சாயம் படிந்து செயற்கையாகத் தோன்றக்கூடும். இங்கே அந்தச் சிக்கலே எழவில்லை. அதனால்தான் வண்ணம் இல்லாத இப்படத்தைப் பாதிப் படம் என்றே நான் கருதுகிறேன்.

இனி, அந்த வண்ணம் எப்படித் திரும்பக் கிடைத்தது என்பது. ஜெர்மனியில் இருந்த மூல நெகட்டிவ் 1945இல், பெர்லின் போரின்போது அழிந்தது. எஞ்சியவற்றுள் முதன்மையானது, லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் காப்பகத்தில் இருந்த, சாயம் ஏற்றிய நைட்ரேட் பிரதி. நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றுவது. குளிர்ந்த அறையில் கவனமாக வைத்தாலும் மெல்ல மெல்லச் சிதைவது. அந்த ஒரு பிரதி நமக்கு வந்துசேர்ந்ததே பெரும் பேறு. ஃபிராங்க்ஃபர்ட் அருங்காட்சியகத்தார் 1999ஆம் ஆண்டுவாக்கில் அதை அடிப்படையாகக் கொண்டு, எந்தக் காட்சிக்கு எந்தச் சாயம் என்பதை அந்தப் பிரதியிலேயே பார்த்து, புதிய பிரதியில் அதே வண்ணங்களைக் கொண்டுவந்தார்கள். லண்டன் பிரதியின் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அக்காலத்தில் ஜெர்மனியில் ஒவ்வொரு படத்துக்கும் தணிக்கை அலுவலகம் ஓர் அட்டை வழங்கும். படத்தில் வரும் எழுத்துகள் அனைத்தும் சொல்லுக்குச் சொல் அதில் பதிவாகியிருக்கும். அந்தத் தணிக்கைப் பதிவின் துணையால் ஜெர்மன் வாசகங்கள் மீண்டும் படத்துக்குள் வந்தன. படத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்த ஆவணம் அதே படத்தைக் காப்பாற்றவும் உதவியது.

கணினியில் வண்ணம் பூசுபவர், இந்தச் சேலை பச்சையாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார். இங்கே ஊகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிரதி சாட்சியாக இருக்கிறது. மீட்டெடுப்பு என்ற பெயருக்கு இந்தப் பதிப்பு முழுத் தகுதி உடையது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ப்ளூ-ரேயை விலைகொடுத்து வாங்கிப் பார்த்தேன். மீட்டெடுத்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் பின்னணி வெளிச்சம் கூடிக் குறைந்து துடித்துக்கொண்டே இருக்கிறது. கீறல்களும் புள்ளிகளும் தெரிகின்றன. இன்றைய கணினி நுட்பத்தில் இவற்றை நீக்க முடியாதா?
– திருச்சி வாசகர்

நீக்க முடியும். எல்லாவற்றையும் நீக்கக்கூடாது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்ல, படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும்.

ரைனிகர் கறுப்பு அட்டையில், வரைந்துகூடக் கொள்ளாமல் பலமுறை நேராகவே, கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டுவார். கை, முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு எனத் தனித்தனித் துண்டுகள். அவற்றை மெல்லிய கம்பியால் மூட்டு மூட்டாக இணைப்பார். கண்ணாடியின் மேல் படிந்து நிற்கும்படி ஈயத் தகட்டையும் பயன்படுத்துவார். மேசையில் பதித்த கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கு எரியும். மேலே, நேர் கீழ்நோக்கிக் கேமரா தொங்கும். உருவத்தின் விரலை மயிரிழை அளவு நகர்த்துவார், ஒரு ஃபிரேம் எடுப்பார். மீண்டும் நகர்த்துவார், மீண்டும் எடுப்பார். தூரத்துக் காட்சிக்கு ஒரு சிறிய உருவம், நெருங்கிய காட்சிக்கு அதே பாத்திரத்தின் பெரிய உருவம். மலைகளின் மங்கலான அடுக்குகளுக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்களைப் படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்கள்.

அப்படியானால் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் பல நிமிட இடைவெளியில்கூட, எடுக்கப்பட்டது. அந்த இடைவெளிக்குள் மின்விளக்கின் வெளிச்சம் சற்றே மாறும். தாள் சற்றே நகரும். கண்ணாடியில் ஒரு தூசி வந்து அமரும். நீங்கள் காணும் ஒளித் துடிப்பில் ஒரு பகுதி அந்த மேசையிலேயே பிறந்தது. 1926இல் பார்த்தவர்களும் அதைப் பார்த்தார்கள். மற்றொரு பகுதி, பிரதி பலமுறை ஓடியதாலும் சாயம் மங்கியதாலும் நேர்ந்த தேய்மானம். கீறல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அவற்றைக் குறைப்பதில் தவறில்லை.

ஆனால் கணினி இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறியாது. முன்னும் பின்னும் இல்லாமல் ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் தோன்றும் சிறு புள்ளியை அழுக்கு என்று எண்ணி அழிப்பதுதான் தானியங்கித் தூய்மைப்படுத்தலின் அடிப்படை. நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் அது பெரும்பாலும் சரியாக வேலை செய்யும். இந்தப் படத்திலோ, மந்திரவாதி வெறுமையிலிருந்து பறக்கும் குதிரையைத் திரட்டும் தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் ருட்மன் உருவாக்கிய அந்த ஒளிச் சுழல்கள் கணத்துக்குக் கணம் உருமாறுபவை. பெர்தோல்ட் பார்டோஷின் கைவண்ணமான கடல் அலைகளும் அப்படியே. கணினியை அதன் போக்கில் விட்டால் நட்சத்திரத்தையும் நுரையையும் தூசியாகக் கருதித் துடைத்துவிடும். மனிதக் கண் ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்து தீர்மானிக்கவேண்டிய வேலை இது. ஐயம் வந்த இடத்தில் கைவைக்காமல் விட்டவர்களை நான் மதிக்கிறேன். தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பும் கூர்மையைக் கூட்டும் அமைப்பும் இயங்கிக்கொண்டிருந்தால் அவற்றை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். துடிப்பின் உறுத்தல் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

96,000 ஃபிரேம்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் உள்ள ஐரோப்பிய டிவிடி சுமார் 64 நிமிடமே ஓடுகிறது. நண்பரின் ப்ளூ-ரே இரண்டு நிமிடத்துக்கு மேல் அதிகம் ஓடுகிறது. எனது டிஸ்கில் காட்சிகள் வெட்டப்பட்டுள்ளனவா?
– சேலம் வாசகர்

வெட்டு எதுவும் இல்லை, கணக்குத்தான் வேறு. 96,000 என்பது முழுமைப்படுத்திச் சொல்லும் எண். அதை நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓட்டினால் 66 நிமிடம் 40 நொடி. பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் அமைந்த ஐரோப்பிய டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுவது. அப்போது 64 நிமிடம். இசையும் அதே விகிதத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாகும். கூர்ந்த செவியுடையவர்களுக்குச் சுருதி சற்று ஏறியிருப்பதும் கேட்கக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டும் கிடைக்குமானால் ப்ளூ-ரேயை வாங்கச் சொல்வேன்.

இன்னொரு எண்ணையும் சொல்லவேண்டும். எடுத்த ஃபிரேம்கள் ஏறத்தாழ 2,50,000 என்று சொல்லப்படுகிறது. அவற்றில் படத்தில் இடம்பெற்றவைதாம் அந்த 96,000.

மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு மணி நேரப் படம் என்றால் யார் பணம் கொடுத்தார்கள்? பெரிய ஸ்டுடியோவா?
– கும்பகோணம் வாசகி

ஸ்டுடியோ அல்ல, ஒரு வங்கியாளர். 1923இல் ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடியது. காலையில் பெற்ற கூலி மாலையில் மதிப்பிழந்துவிடும் நிலையில், பணத்தைப் பொருளாக மாற்றிவைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று பலரும் எண்ணினார்கள். பெர்லின் வங்கியாளர் லூயி ஹாகன் அவ்வாறு வாங்கிவைத்த பொருள்களில் ஒன்று படச்சுருள். அவர்தாம் ரைனிகரிடம், சிறு சிறு படங்களாக எடுத்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ஒரு முழுநீளப் படம் எடுக்கலாமே என்று கேட்டார். அப்போது ரைனிகருக்கு வயது 24தான். பெர்லினுக்கு அருகே போட்ஸ்டாமில், ஹாகனின் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையின் மேல்மாடம் ஸ்டுடியோவாயிற்று. கேமரா மேலே இருக்கவேண்டும், கூரையோ தாழ்வு. ஆகவே கண்ணாடி மேசை தரையை ஒட்டி அமைந்தது, மண்டியிட்டுத்தான் உருவங்களை நகர்த்தவேண்டியிருந்தது. கணவர் கார்ல் கோக் கேமராவையும் தொழில்நுட்பத்தையும் கவனித்தார். ருட்மன், பார்டோஷ் ஆகியோருடன் உதவியாளர்களாக அலெக்சாண்டர் கார்டன், வால்டர் ட்யூர்க் இருவரும் இருந்தனர். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய குழு.

படம் முடிந்தபின், திரையிட அரங்கு கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. 1926 மே 2, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெர்லின் ஃபோல்க்ஸ்பூனே நாடக அரங்கில் பகல் காட்சியாக முதன்முறை திரையிட்டார்கள். அதன்பின் பாரிஸில் வரவேற்புப் பெற்று, அந்த ஆண்டே மீண்டும் பெர்லினுக்கு வெற்றியுடன் வந்தது. அந்தக் கோடையில் பாரிஸில் கிடைத்த புகழ்தான் ஜெர்மானிய அரங்குகளின் கதவைத் திறந்தது என்றால் மிகையாகாது.

உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் இதுதானா? டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ என்றே படித்திருக்கிறேன்.
– நாகர்கோவில் வாசகர்

‘ஸ்னோ ஒயிட்’ 1937இல் வந்தது. இது அதற்கு 11 ஆண்டுகள் முந்தியது. ஆனால் இதையும் முதல் படம் என்று சொல்வது சரியாகாது. அர்ஜென்டினாவில் கிரினோ கிரிஸ்தியானி 1917இலும் 1918இலும் முழுநீள அனிமேஷன் படங்களை எடுத்திருக்கிறார். அவை இன்று இல்லை. எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது ரைனிகரின் படம் என்பதே துல்லியமான கூற்று. பிற்காலத்தில் டிஸ்னி நிறுவனம் பல அடுக்குக் கேமரா மூலம் புகழ்பெறச் செய்த ஆழத் தோற்றத்துக்கு, போட்ஸ்டாம் மேல்மாடத்தில் கண்ணாடிகளை அடுக்கடுக்காக வைத்து இவர்கள் முன்பே வழிகண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

இப்படத்துக்கு இக்காலக் கலைஞர்கள் பலர் புதிதாக இசை அமைத்து வாசிப்பதாக அறிகிறேன். முதன்முறை பார்ப்பவர் எந்த இசையோடு பார்க்கவேண்டும்?
– புதுச்சேரி வாசகர்

ட்செல்லரின் இசையோடுதான். புதிய இசையின்மேல் எனக்கு வெறுப்பில்லை. சிலவற்றை நேரில் கேட்டு மகிழ்ந்தும் இருக்கிறேன். ஆனால் பெரும்பாலான மௌனப் படங்களுக்கு, படம் முடிந்தபின் அரங்கின் பியானோக்காரரோ இசைக்குழுத் தலைவரோ தம் விருப்பப்படி இசை சேர்த்தார்கள். அங்கே மூல இசை என்று ஒன்றைத் தேடுவதே வீண். இந்தப் படத்தின் நிலை வேறு. ட்செல்லர் படம் உருவாகும்போதே ரைனிகருடன் சேர்ந்து வேலை செய்தார். அசைவும் இசையும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன. திரையரங்குகளின் இசைக்குழுக்கள் காட்சியைத் தவறவிடாமல் தொடர்வதற்காக ரைனிகர், படத்தின் உருவங்களையே அடையாளக் குறிகளாகத் தயாரித்துக் கொடுத்தார்.

படத்தின் இறுதிப் பகுதியில் மந்திரவாதியும் சூனியக்காரியும் மாறி மாறி உருவெடுத்து மோதும் காட்சியை இந்த நோக்கில் பாருங்கள். சிங்கம், பாம்பு, தேள், சேவல் என ஒருவர் எடுத்த வடிவத்தை வெல்லும் வடிவத்தை மற்றவர் எடுக்கிறார். கடைசியில் இருவரும் நெருப்பையே வீசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு உருமாற்றமும் இசையின் ஒரு திருப்பத்தில் விழுகிறது. வேறு இசையோடு பார்த்தால் அது விறுவிறுப்பான சண்டை. ட்செல்லரோடு பார்த்தால், இருவரும் ஒரே தாளத்துக்குக் கட்டுண்டு ஆடும் ஆட்டமாகிவிடுகிறது. மீட்டெடுப்பின்போது அந்த இசைக்குறிப்பைக் கொண்டு முழு இசைக்குழுவை வைத்துப் புதிதாகப் பதிவுசெய்தார்கள். படத்துக்கு வண்ணம் திரும்பியதற்கு இணையான நிகழ்ச்சியாக இதைக் கருதுகிறேன். புதிய இசைகளை அதன்பிறகு கேளுங்கள். அவற்றின் துணிவும் அப்போதுதான் புலப்படும்.

பள்ளி ஆசிரியை நான். தேவதைக் கதைப் படம் என்பதால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன். பொருத்தமாக இருக்குமா?
– ஈரோடு வாசகி

அந்த வயதுக்குக் காட்டலாம். ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம். வாக்-வாக்கின் பூதங்கள் உண்மையிலேயே அச்சமூட்டும். ஆனால் நீங்கள் உடனிருந்து பேசவேண்டிய இடங்கள் இரண்டு உண்டு, அவற்றை மறைப்பது உங்களுக்குச் செய்யும் நன்மையாகாது.

ஒன்று, பெரி பானு ஏரியில் நீராடும் காட்சி. அகமது அவளுடைய இறகாடையை ஒளித்துவைத்து, அவள் பறந்து தப்பமுடியாமல் செய்து, தன்னோடு கொண்டுசெல்கிறார். பழங்கதைகள் பலவற்றில் வரும் நிகழ்ச்சிதான் இது. கதை அதைக் காதலாக நகர்த்திவிடுகிறது. ஆனால் படத்தைக் கவனியுங்கள்: ஓடும்போது பெரி பானுவின் உடல் எப்படி வளைகிறது, பிடிபட்டபின் அவள் தலை எப்படித் தாழ்கிறது என்பதில் ரைனிகரின் கத்தரிக்கோல் அவள் பக்கமே நிற்கிறது. முகபாவமே காட்டமுடியாத ஒரு கரிய அட்டை உருவத்தின் கழுத்துச் சாய்வில் அச்சத்தையும் நாணத்தையும் கொண்டுவந்திருப்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன். ‘அவளுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி நன்றாகவே புரியும்.

மற்றொன்று, தீயவன் ‘ஆப்பிரிக்க மந்திரவாதி’ என்று இனப்பெயராலேயே அழைக்கப்படுவதும், சீன அரசவை கேலிச் சித்திரம் போல அமைந்திருப்பதும். கீழ்த்திசை நாடுகளைப் பற்றி 1920களின் ஐரோப்பா வைத்திருந்த கற்பனைகள் அவை. அவற்றை அப்படியே சொல்லிவிடலாம். அதே படத்தில் அழகற்ற உருவமுடைய சூனியக்காரி நல்லவர்களின் பெருந்துணையாக வருவதைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள்.

வகுப்பில் ஒரே மூச்சில் காட்டவேண்டாம். ஐந்து பாகங்களாகவே படம் பிரிக்கப்பட்டிருப்பதால், நாளுக்கு ஒரு பாகம் காட்டி, எழுத்து அட்டைகளை நீங்களே தமிழில் உரக்கச் சொல்லுங்கள். அன்றைய பாகம் முடிந்ததும் கறுப்புத் தாளும் மழுங்கிய கத்தரிக்கோலும் கொடுத்துவிடுங்கள்.

ரைனிகர் அதன்பிறகு என்ன செய்தார்? வேறு படங்கள் டிஸ்கில் கிடைக்கின்றனவா?
– தஞ்சை வாசகர்

கிடைக்கின்றன. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் அவரும் கோக்கும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, எங்கும் நிலையான விசா கிடைக்காமல் நாடு நாடாக அலைந்தார்கள். போரின் இறுதிக் காலத்தில் நோயுற்ற தாயைக் கவனிக்கப் பெர்லின் திரும்பி, 1949இல் லண்டனில் குடியேறினார். அங்கே, முதல் படத்துக்குப் பணம் கொடுத்த ஹாகனின் மகன் தொடங்கிய பிரிம்ரோஸ் நிறுவனத்துக்காக 1950களில் தேவதைக் கதைகளைச் சிறு படங்களாக எடுத்தார். அவற்றில் ஒன்றான ‘வீரத் தையற்காரன்’ 1955இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. பத்து நிமிட அளவிலான இப்படங்கள் தனித் தொகுப்புகளாக வந்துள்ளன. பிள்ளைகளுக்குத் தொடங்க இவை எளிது. பெரியவர்களுக்கு மோட்சார்ட்டின் இசையில் அமைந்த 1935ஆம் ஆண்டின் ‘பாபகேனோ’வைப் பரிந்துரைக்கிறேன். 1981இல், 82 வயதில் ஜெர்மனியில் மறைந்தார். அவர் வெட்டிய உருவங்களை இன்று டூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வெளிநாட்டு டிஸ்க் நம் வீட்டு பிளேயரில் ஓடுமா?
– சென்னை வாசகர். சிங்கப்பூர் வாசகி ஒருவரும் இதையே கேட்டிருக்கிறார்

மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். டிவிடியில் இந்தியா மண்டலம் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டனும் ஜெர்மனியும் 2, அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் இந்தியா சி, ஐரோப்பா பி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ. உறையின் பின்பக்கத்தில் ஒரு சிறிய குறிக்குள் இது அச்சாகியிருக்கும். மண்டலத் தடை இல்லாத டிஸ்க் என்றால் எங்கும் ஓடும். தடை இருந்தால் எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் தேவை. வாங்குமுன் விற்பனையாளரிடம் பின்னட்டையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மீட்டெடுத்தவர் யார் என்ற விவரமும் பெரும்பாலும் அதே அட்டையில்தான் இருக்கும்.